யாருக்கு, எவ்வளவு, எப்போது

1

இந்த மாதத்தோடு நான் பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கிப் பதினான்கு வருடம் முடிகிறது. புதுக்கோட்டையிலிருந்து யார் கடிதம் எழுதினாலும் நான்காவது வரியில் எனக்கு ஒரு பாராட்டு இருக்கும். ‘நம்ம பக்கத்திலிருந்து துணிந்து கிளம்பிக் கடல் தாண்டி முன்னுக்கு வந்தவர்’ என்று எழுதுவார்கள். நானும் இத்தனை வருடம் அதை மறுக்கவில்லை. மறுத்து எழுத ஏர் மெயில் தாளில் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் துணிந்து கிளம்பவில்லை. வேலை போய், கீழராஜ வீதியில் தலைகாட்ட வெட்கப்பட்டுக் கிளம்பினேன். வேலை போனதற்குக் காரணம் ஒரு லேபிள். மருந்துக் குப்பியில் ஒட்டுகிற, மூன்று விரல் அகலமுள்ள காகிதம். அதில் நான் என் கையால் எழுதிய ஒரு பெயர்.

அந்தச் சமாச்சாரத்தை நான் கடலில் போட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன மாதம் அது என்னைத் தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டது.

2

நான் இருப்பது பேராக் மாநிலத்தில் ஒரு சின்னப் பட்டணம். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் மருந்து கலந்து கொடுக்கிறேன். ஊரில் இந்த வேலைக்குக் கம்பவுண்டர் என்று பெயர், இங்கே டிஸ்பென்சர். மாம்பழக் கலர் மிக்ஸ்சர் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

போன மாதம் அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கிளினிக்கை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு மருந்துக் குப்பியிலும் நோயாளியின் பெயர், குடிக்க வேண்டிய அளவு, குடிக்க வேண்டிய வேளை இவை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுவும் நோயாளி படிக்கும் மொழியில். ஒரு மாதத்துக்குள் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

டாக்டர் சாதாரணக் கோபத்தில் இங்கிலீஷ் பேசுவார், பெரிய கோபத்தில் சீனம் பேசுவார். அன்று இங்கிலீஷில் ஆரம்பித்துச் சீனத்தில் முடித்தார். பிறகு ஆறிப்போய் என்னைக் கூப்பிட்டார். இங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துத் தமிழர்கள், ஆகவே தமிழ்க் குப்பிகள் முழுக்க என் பொறுப்பு என்றார். ‘எந்த மொழியும் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது’ என்று கேட்டு மேலே ஒரு கடிதம் போட்டோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சுற்றறிக்கையைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

பக்கத்து ஊர்க் கிளினிக்குக்கு அந்த அதிகாரி முன்னாடியே போய்விட்டார். அவருடைய வழக்கம் எப்படி என்று அங்கிருந்து செய்தி வந்தது. குப்பியோடு வாசலைத் தாண்டுகிற யாராவது ஒருவரை நிறுத்துவார். மூன்று கேள்வி கேட்பார். யாருக்கு, எவ்வளவு, எப்போது. பதிலும் லேபிளும் ஒத்துப்போக வேண்டும். மருந்து கொடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்து ஊரில் ஒத்துப்போகவில்லை. அங்கிருந்த டிஸ்பென்சர் இப்போது ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறார்.

என்னிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஊரில் ஒரு டாக்டரிடம் நாலு வருடம் நின்று பழகிய கை, அவ்வளவுதான். என் இடத்துக்குச் சான்றிதழோடு ஓர் ஆள் வந்தால் எனக்கு வேலை போகும், கிளினிக்குக்குப் பின்னால் டாக்டர் கொடுத்திருக்கும் வீடு போகும், மகளின் பள்ளிக்கூடம் போகும். இதை வீட்டில் சிவகாமியிடம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன்.

3

யாருக்கு, எவ்வளவு, எப்போது. இந்த மூன்று சொல்லையும் நான் முதலில் கேட்டது புதுக்கோட்டையில். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருடம் அங்கே ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பஞ்சகச்சம், மேசையைத் தட்டித் தட்டித் தழும்பேறிய உள்ளங்கை, இவை போதும்.

அந்தக் காலத்தில் குப்பியை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். வந்த குப்பிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். விளக்கெண்ணெய்க் குப்பி, மைக்குப்பி, பன்னீர்க் குப்பி எல்லாம் வரும். ஒருவர் கோலிச் சோடா குப்பியைக் கொண்டுவந்தார், பத்து நாள் கோலியை அமுக்கி அமுக்கி மருந்து குடித்தார். மதுவிலக்கு வந்த புதிதில் ஒருவர் பழைய பிராந்திக் குப்பியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். திரும்பிப் போகையில் போலீஸ்காரர் பிடித்து முகர்ந்து பார்த்து, சந்தேகம் தீராமல் ஒரு மடக்குக் குடித்தும் பார்த்தார். மறுநாள் அவரும் எங்கள் வரிசையில் நின்றார்.

குப்பிக்குள் ஆறு வேளை மருந்து இருக்கும். வெளியே ஒரு காகித நாடாவை மடித்துக் கத்தரித்து ஒட்டுவேன். அதில் ஆறு பல் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு குடிக்க வேண்டும். மைதாப் பசையில் துத்தம் கலந்து ஒட்டாவிட்டால் கரப்பான்பூச்சி நாடாவைத் தின்றுவிடும், அப்புறம் அளவுக்கு எங்கே போவது. இந்தப் பல் வெட்டும் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்க்காமலே வெட்டுவேன்.

ஒரு நாள் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து செவத்தம்மா என்ற அம்மாள், காய்ச்சல்காரப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். முந்தின நாள்தான் ஆறு பல் மருந்து வாங்கிப்போனவள். காய்ச்சல் இறங்கவில்லை, குப்பியோ காலி.

டாக்டர் கேட்டார். “ரெண்டு நாள் மருந்த ஒரே நாள்ல ஊத்திட்டியா?”

“அய்யய்யோ, இல்லீங்க. ஒரு பல்லுதாங்க குடுத்தேன்.”

“மிச்சம் அஞ்சு பல்லு எங்க?”

“மிச்சப் புள்ளைக அஞ்சு இருக்குல்லங்க. ஆரஞ்சு வாசன வேற அடிக்கிது. இது மட்டும் குடிக்க, அதுக எல்லாம் சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருந்தா ஏங்கிப் போயிராதுகளா? ஆளுக்கு ஒரு பல்லு ஊத்திட்டேன். நீங்களும் கணக்காத்தான் வெட்டிக் குடுத்திருந்தீங்க.”

கடைசி வாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பார்க்க இன்னொரு பிள்ளைக்கு மட்டும் எதையும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தின்ற பிள்ளைக்கு வயிறு வலிக்கும், தின்னாத பிள்ளை ஏங்கி இளைக்கும். கடலை மிட்டாய்க்கு உள்ள இந்தச் சட்டத்திலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு என்று நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. தப்பு எங்கள் மேல்தான். டாக்டர் நல்லவர், அவளைத் திட்டாமல் மேசையைத் தட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு லேபிளிலும் மூன்றும் இருக்க வேண்டும் என்றார். யாருக்கு, எவ்வளவு, எப்போது. முதலில் பெயர்.

4

இங்கே வீட்டுக்கு வருவோம். சுற்றறிக்கை வந்த வாரம் நான் ஒரு மாதிரி லேபிள் எழுதினேன். ‘இம்மருந்தினை ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கிய பின்னர், இரண்டு தேக்கரண்டி அளவு, உணவு உண்டபின், நாளொன்றுக்கு மூன்று வேளைகள் வீதம் உட்கொள்ளவும்.’ பதினான்கு வருடம் வெளியூரில் இருந்தும் தமிழ் துருப்பிடிக்கவில்லை என்று எனக்குச் சந்தோஷம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவளுக்கு ஒன்பது வயது. பெயர் தமிழ்ச்செல்வி. பெயரைத் தவிர வேறு தமிழ் அவளுக்கு எழுதத் தெரியாது. இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள், தெருவில் மலாய் பேசுகிறாள், வீட்டில் மூன்றையும் கலந்து ஒரு மிக்ஸ்சர் பேசுகிறாள்.

“அப்பா, இது லேபிளா, எஸ்ஸேயா?” என்றாள்.

“தெளிவா இருக்க வேணாமா?”

“குப்பிய சுத்தி மூணு ரவுண்டு வருமே. படிக்கிறவங்க குப்பிய சுத்திக்கிட்டே போகணும்.”

சொல்லிவிட்டு என் பேனாவைப் பிடுங்கிக் காகிதத்தில் படம் போட்டாள். மலைக்கு மேலே எட்டிப்பார்க்கிற சூரியன், அதன் கீழே இரண்டு கரண்டி. உச்சியில் சூரியன், இரண்டு கரண்டி. நிலா, இரண்டு கரண்டி. பக்கத்தில் ஒரு சோற்றுத் தட்டு, காலியாக. சாப்பிட்டு முடித்த தட்டு என்றாள்.

தமிழ் படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது என்று அரசாங்கத்துக்கே கடிதம் போட்டவன் நான். தமிழ் படிக்கத் தெரியாத ஆள் என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தோன்றவில்லை. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை, இரண்டும் பட்டேன். டாக்டர் அந்தப் படத்தை அச்சுக்கூடத்துக்கு அனுப்பி ஆயிரம் லேபிள் அடித்து வாங்கினார். அளவும் வேளையும் தீர்ந்தன. மேலே ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது. பெயருக்கு.

5

அந்தக் கோட்டைக் கண்டதும் லேபிள் கட்டை மறுபடி மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் லேபிளில் பெயர் எழுத வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாளே கஷ்டம் ஆரம்பித்தது. ஆம்பிளைகள் படுத்துக்கொண்டால் மருந்து வாங்க வருவது பெண்சாதி. பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும். ஆயுசைக் கூட்டுவதற்கு மருந்து வாங்க வந்த இடத்தில் எப்படிச் சொல்வாள்?

ஆகவே ஜாடை. ஒருத்தி ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டாள், நான் ஆறுமுகம் என்று எழுதினேன். ஒருத்தி என் சட்டையைத் தொட்டுக் காட்டிச் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைக் கும்பிட்டாள், வெள்ளைச்சாமி. வரிசையில் நிற்கிறவர்களும் சேர்ந்துகொண்டு கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்த அம்மாள் முகத்தில் ஒரு வெட்கம் வரும், வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் பெரிய கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். பல் வெட்டுகிற மாதிரி பெயரையும் பார்க்காமலே எழுத ஆரம்பித்தேன்.

சித்தன்னவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பொன்னாத்தா வந்தாள். புருஷனுக்கு மூன்று நாளாக வயிறு இளகவில்லை, கல்லாட்டம் கிடக்கிறது. டாக்டர் பேதிக்கு எழுதிக்கொடுத்தார்.

“பேரு?” என்றேன்.

“குமரமலைல நிக்கிறாருல்லங்க, அவுக பேரு.”

“முருகன் பேருதானே?”

“ஆமாங்க.”

முருகையா என்று எழுதி ஒட்டினேன். அடுத்த ஆள் என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் புருஷன் பெயர் வேலாயுதம். அதுவும் முருகன் பெயர்தான். முருகனுக்கு எத்தனை பெயர் என்று யோசிக்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

நாலாம் நாள் காலையில் ஒரு மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியை ஓட்டிவந்தவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே வைக்கோலில் ஓர் இளைஞன் துவண்டு கிடந்தான். “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று டாக்டர் கேட்டார். இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள்.

ஓட்டிவந்தவர் வேலாயுதம். கிடந்தவன் அவருடைய தம்பி, மூன்றாம் வகுப்புவரை படித்தவன். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் பெயர் முருகையா.

வேலாயுதம் சொன்னார். “குப்பி வந்ததும் இவன்தாங்க எழுத்துக்கூட்டிப் படிச்சான். எம் பேருல்ல போட்டிருக்குன்னான். வயித்து வலி எனக்குத்தான்டா, எனக்கும் தெரியிது. ஆனா டாக்டரு தெரியாமயா எழுதுவாரு? ஒனக்கு உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு, அவரு இங்கிட்டு இருந்தே கண்டுபிடிச்சிட்டாரு, மறுபேச்சுப் பேசாம குடிடான்னு நான்தாங்க குடிக்க வச்சேன்.”

“நீ குடிச்சியா?” என்று டாக்டர் தம்பியைக் கேட்டார்.

அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். “எனக்கும் மொதல்ல நம்பிக்கையில்லீங்க. நல்லாத்தானே இருக்கோம்னு நெனச்சேன். ரெண்டு பல்லு குடிச்சதுக்கு அப்புறம் எனக்கே தெரிஞ்சு போச்சுங்க, வயிறு சரியில்லன்னு.”

“அப்பவாச்சும் நிறுத்த வேண்டியதுதானே?”

“சீக்கு இருக்குன்னு தெரிஞ்ச பெறகு மருந்த எப்பிடிங்க நிறுத்துறது?”

இன்றைக்கு எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்தப் பையனின் கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு பெஞ்சு போட்டு டாக்டர் சாயங்காலம்வரை பக்கத்திலேயே இருந்தார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். வண்டி கிளம்பும்போது அண்ணன் என்னிடம் வந்து கையைக் கூப்பி, “கோவிச்சுக்காதீங்க, எங்க வீட்டுலதான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டர் அன்றைக்கு மேசையைத் தட்டவில்லை. “தெரிஞ்ச மாதிரி எழுதுறவன் கையில மருந்து இருக்கப்படாது. நாளையிலேருந்து வராத” என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டு மாதத்தில் நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். இதுதான் நான் முன்னுக்கு வந்த கதை.

6

சிவகாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே வந்து நாலாம் வருடம் ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் திருக்கோகர்ணத்துக்காரி. ஐந்தாம் வகுப்பு படித்தவள், ரொம்பச் சூட்டிகை. மலாய்க்காரியிடம் மீன் பேரம் பேசுவாள், சீனக் கடையில் அளவு குறைந்தால் கண்டுபிடிப்பாள், மலாயை இரண்டே வருடத்தில் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வராது. என் பெயர்.

என்னை ‘இங்க பாருங்க’ என்பாள். செல்வி பிறந்த பிறகு ‘செல்வி அப்பா’. செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று எனக்கு வேலை இருந்தது, இவள் மட்டும் போனாள். டீச்சர் அப்பா பெயரைக் கேட்டிருக்கிறாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றிருக்கிறாள். திரும்பத் திரும்பக் கேட்கவும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த டீச்சர் நல்ல மனசுக்காரி. அதற்கு மேல் கேட்காமல் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு இவள் தோளைத் தட்டிக்கொடுத்திருக்கிறாள். அந்த வருடம் முழுக்கச் செல்விக்கு வகுப்பில் தனிக் கவனிப்பு, பண்டிகைக்குப் பழக்கூடை. வருடக் கடைசியில் விளையாட்டு விழாவுக்கு நான் போய் ‘செல்வியின் அப்பா’ என்று கையை நீட்டியபோது டீச்சர் இரண்டு அடி பின்னால் போனாள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “நான் செத்துப்போனதா எழுதி வச்சிருக்காங்க. இதுல என் ஆயுசு கூடுதா குறையுதா?”

“அது அவுங்களா எழுதுனது. நான் வாயால ஒண்ணும் சொல்லலீங்களே” என்றாள்.

தோட்டத்து அம்மாக்கள் விஷயத்தில் நான் புத்தியோடு நடந்துகொண்டேன். ஜாடை பார்த்து எழுதுவதே இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் பெயர்ப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக நான் படிப்பேன். சரியான பெயர் வரும்போது அந்த அம்மாள் தலையை ஆட்ட வேண்டும், ஆட்டினால் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்வேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கோடு காலியாக ஒரு குப்பிகூட வெளியே போவதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். மலாய்க்காரர், நரைத்த மீசை, மெதுவான பேச்சு. அலமாரியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். செல்வி போட்ட படத்தைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். ‘இனி வாசலுக்குப் போவோம்’ என்றார். எனக்கு ஒரு வாரமாக இருமல், அந்த நிமிஷம் அது இரண்டு மடங்காகிவிட்டது.

வாசலில் அப்போது குப்பியோடு வெளியே போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு பெண். ஒரு கையில் என் சாப்பாட்டுத் தூக்கு. இன்னொரு கையில், என் இருமலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்து, காலையில் நானே கலந்து, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்த குப்பி. அன்று ஒரு நாள் பள்ளி விடுமுறை என்பதால் செல்வியும் கூட இருந்தாள்.

அதிகாரி சிவகாமியை நிறுத்தினார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. டாக்டர் சொல்ல வாயெடுத்தார், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்னைச் சுவர் ஓரம் போய் நிற்கச் சொன்னார். நோயாளி தன் சொந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்பது விதியாம். மொழிபெயர்க்க யார் என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்வியைக் கூப்பிட்டு, ‘நான் சொல்வதை அப்படியே சொல், அவர் சொல்வதை அப்படியே சொல், உன் பேச்சு ஒன்றும் கூடாது’ என்றார். செல்வி ராணுவத்தில் சேர்ந்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

“எவ்வளவு குடிக்கணும்?”

“ரெண்டு கரண்டி. குலுக்கிட்டு ஊத்தணும்” என்றாள் சிவகாமி.

“எப்ப?”

“காலையில, மத்தியானம், ராத்திரி. வயித்துல சோறு விழுந்த பெறகு. பக்கத்து வீட்டுக்காரங்க இருமுறாங்கன்னு அதுல ஒரு கரண்டி குடுக்கக் கூடாது.”

அதிகாரி எழுதிக்கொண்டே தலையாட்டினார். டாக்டர் முகம் மலர்ந்தது. என் முகம் மலரவில்லை, ஏனென்றால் மிச்சம் இருக்கும் கேள்வி எது என்று எனக்குத் தெரியும்.

“யாருக்கு?”

சிவகாமி சுவர் ஓரம் நின்ற என்னைக் காட்டினாள். “இந்தா, இவுங்களுக்குத்தான்.”

“விரல் பெயர் ஆகாது. பெயர் என்ன?”

செல்வி அதை அப்படியே சொன்னாள். அவளுக்கு என் பெயர் தெரியும், நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு தவித்தாள். சிவகாமி பேசவில்லை. அதிகாரி காத்திருந்தார். ‘மருந்தைக் கொண்டுபோகிறவருக்கு அது யாருக்கு என்று தெரியாவிட்டால் இந்தக் காகிதத்தால் என்ன பிரயோஜனம்’ என்று டாக்டரிடம் சொன்னார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. புதுக்கோட்டையில் இரண்டு பெஞ்சில் கிடந்த அண்ணனும் தம்பியும் என் கண்முன் வந்தார்கள். போச்சு, மரக்கடைக் கணக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பெயர் சொல்ல வாய் வராதவர்கள் எத்தனை பேரைப் பார்த்தவன் நான்.

சிவகாமி தூக்கைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். என்னைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய சீனக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அடைக்கலம்.”

பதினோரு வருடத்தில் முதல் தடவை. என் அம்மா கூப்பிட்ட பெயர், வாத்தியார் கூப்பிட்ட பெயர், டாக்டர்கள் கூப்பிட்டு அலுத்த பெயர். இவள் சொன்னபோது அது யாரோ நல்ல மனிதருடைய பெயர் மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இருமலின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்தேன்.

அதிகாரி திருப்தியோடு குப்பியை வாங்கி லேபிளைத் திருப்பினார். புருவம் ஏறியது. குப்பியை டாக்டரிடம் காட்டினார். டாக்டர் என்னிடம் காட்டினார். சூரியன் இருந்தது, கரண்டி இருந்தது, நிலா இருந்தது. மேலே கோடு காலியாக இருந்தது.

காலையில் கலக்கும்போது, நம் மருந்துதானே, நாம்தானே குடிக்கப்போகிறோம் என்று விட்டுவிட்டேன். ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் இரண்டு முறை கேட்டு எழுதியவன்.

சிவகாமி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே. காலிக் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஒங்க பேர நீங்களே எழுதலன்னா, நான் எதுக்குங்க சொன்னேன்?” என்றாள்.

இதையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் செல்வி ராணுவத்தில் இருந்தாள். ஓர் எழுத்து விடாமல் மலாயில் சொன்னாள், அம்மாவின் குரல் ஏறி இறங்கியதுகூட அப்படியே வந்தது. அப்புறம், ‘அது என் அப்பா, இது என் அம்மா, அம்மா இதற்கு முன்னால் சொன்னதே இல்லை’ என்று தன் பேச்சையும் சேர்த்துவிட்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் என் பெயரை எழுதினேன். அவ்வளவு கோணலாக நான் எதையும் எழுதியதில்லை.

அவர் தன் புத்தகத்தில் எழுதியதை டாக்டர் பிறகு படித்துச் சொன்னார். ‘உபயோகிக்கும் முறை நன்கு விளக்கப்பட்டுள்ளது. ஒரு குப்பியில் பெயர் விடுபட்டிருந்தது, என் முன்னிலையில் திருத்தப்பட்டது.’ வேலை இருக்கிறது, வீடும் இருக்கிறது. ஒரு முறை தெரியாத பெயரை எழுதி வேலையை விட்டேன், இன்னொரு முறை தெரிந்த பெயரை எழுதாமல் விடப் பார்த்தேன். ஊரில் கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.

8

சிவகாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலேயே மூன்று வேளையும் குப்பியைக் குலுக்கி இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் இருமல் நின்றுவிட்டது. குப்பியின் அடியில் இன்னும் ஒரு வேளை மருந்து இருந்தது.

செல்வி பள்ளிக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கரண்டியை வாங்கிக்கொண்டே கேட்டேன். “அன்னைக்குச் சொன்னியே. இன்னொரு தடவ சொல்லேன்.”

அவள் குப்பியைத் தூக்கி, லேபிளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“எதுக்கு?” என்றாள். “அதான் எழுதிட்டீங்கள்ல.”